அடைத்த கதவும் அயலாரும்



2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதை நாம் மறக்கவில்லை. தனிமைப்படுத்தப்பட்டோர் வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. காய்ச்சலைவிட அந்தத் தாளே பலரை வாட்டியது.

நோயாளிக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, தனித் தட்டு வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுத்தோம். ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் அது எப்படி முடியும்? பழஞ்சேலையைக் குறுக்கே கட்டி, சன்னலை இரவும் திறந்து வைத்துச் சமாளித்தார்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்து, அளவு 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு விரைந்தார்கள்.

ஆனால் பத்து நாள் உள்ளே இருக்க, பாலும் அரிசியும் யார் கொண்டுவருவது? வாசலில் பையை வைத்து, கதவைத் தட்டி, தள்ளி நின்று "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட அயலாரே அந்த வீடுகளைத் தாங்கினார்கள். அப்படி ஒருவரும் இல்லாத வீட்டில், நோயாளியே கடைக்குப் போக வேண்டியதாயிற்று. நோயும் அவரோடு தெருவில் இறங்கியது.

நாம் கற்கும் பாடம் இதுவே: தனித்திருப்பது வேறு, தனியே விடப்படுவது வேறு. அடுத்த முறை நம் தெருவில் ஒரு கதவு அடைபட்டால், அதை முதலில் தட்டுவது யார்? இன்றே வீட்டாரோடு பேசி வைப்போம்.