காத்திருக்கும் கட்டளைகள்

போன் தொலைந்துவிட்டது என்று டிக்கெட் வந்ததும் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி, “வைப் பண்ணியாச்சா?” தொலைவிலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாயிற்று என்பேன். அவருக்கு அது போதும். எனக்குப் போதாது.

அலுவலகத்து கம்ப்யூட்டர்களையும் போன்களையும் இருந்த இடத்திலிருந்தே நிர்வகிப்பது என் பிழைப்பு. எங்கள் வட்டாரத்தில் எம்டிஎம் என்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: கன்சோலில் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் சாதனத்தில் ஒன்றும் நடப்பதில்லை. சர்வரின் வரிசையில் ஒரு கட்டளை போய் உட்காருகிறது, அவ்வளவுதான். ஐபோன் என்றால் ஆப்பிளின் அறிவிப்புச் சேவை போய்க் கதவைத் தட்டும். அந்தத் தட்டலில் கட்டளை இருக்காது. போன்தான் விழித்து, சர்வரிடம் வந்து, ‘எனக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ‘இப்போது முடியாது’ என்று பதில் சொல்லவும் அதற்கு உரிமை உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுளின் சேவையும் விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சேவையும் இப்படித் தட்டி எழுப்பும் வேலையைச் செய்கின்றன. கட்டளைகள் அடிக்கடி தேங்குகின்றனவா? ஃபயர்வாலில் ஆப்பிளுக்கு 5223, கூகுளுக்கு 5228 முதல் 5230 வரையான போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வரிசையில் நிற்கும் கட்டளை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கூகுளின் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏபிஐ-யில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். வேறு சில கருவிகளில் சாதனம் எப்போது தலைகாட்டினாலும் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும். எங்கள் விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவருக்கு இந்த இரண்டாவது வகை வாய்த்தது. தொலைந்ததாகப் புகார் கொடுத்த லேப்டாப் சில வாரம் கழித்து உறவினர் காரிலேயே கிடைத்திருக்கிறது. சந்தோஷத்தில் எங்களிடம் சொல்லாமல் வீட்டு வைஃபையில் போட்டுத் திறந்தார். பழைய வைப் கட்டளை ஓடிவந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. “நானே கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்தேனே சார், அப்புறம் எதுக்கு அழிச்சீங்க?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்று முதல் புகார்ப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது: பொருள் கிடைத்தால் ஆன் செய்யாதீர்கள், முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், ரத்து செய்ய வழியுள்ள கன்சோலில் வரிசையை வெட்டிவிடலாம்.

திருட்டு என்றால் கணக்கே வேறு. விவரம் தெரிந்த திருடன் லேப்டாப்பை இணையத்தில் இணைக்கவே மாட்டான். வைப் கட்டளை அவனிடம் போய்ச் சேராது. அங்கே நம்மைக் காப்பாற்றுவது முன்பே போட்டு வைத்த பிட்லாக்கர் அல்லது ஃபைல்வால்ட் என்கிரிப்ஷன். ஆகவே என் வரிசை இது: பயனரின் கணக்கை முடக்கி, திறந்திருக்கும் லாகின்களை எல்லாம் வெளியேற்றுவது முதலில். போனைப் பூட்டுவது அடுத்து. அழிப்பது கடைசியில். நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள ஐபோன் என்றால் லாஸ்ட் மோடில் போட்டு இடத்தைக் கேட்கலாம். அதை முதலிலேயே அழித்துவிட்டால் தேடும் வாய்ப்பும் போய்விடும். இன்னொன்று, தொலைந்த ஐபோனுக்கு ரீஸ்டார்ட் கட்டளை அனுப்பாதீர்கள். கடவுச்சொல் உள்ள போன் மறுபடி எழுந்ததும், யாராவது ஒருமுறை திறக்கும் வரை வைஃபையில் சேராது. சிம் இல்லாவிட்டால் அதோடு தொடர்பு அறுந்தது.

சொந்த போனில் அலுவலக மெயில் வைத்திருப்பவர்கள் வேலையை விட்டுப் போகும்போதுதான் எனக்குக் கை நடுங்கும். மைக்ரோசாஃப்டின் இன்ட்யூனில் ரிட்டையர், வைப் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முன்னது அலுவலகத் தரவை மட்டும் எடுக்கும். பின்னது போனைக் கடையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த ஒரு சொடுக்கு தீர்மானிக்கிறது. ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் போட்டிருந்தால் நிம்மதி. அதை அழித்தாலும் சொந்தப் பகுதியில் கை படாது. சொந்த போன்களுக்கு வைப் உரிமையையே ஹெல்ப்டெஸ்க்கிடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ‘கவனமாக இருப்போம்’ என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை, உரிமையைப் பிடுங்கிவிடுவேன்.

மொத்தமாக அனுப்பும் கட்டளைக்குத் தனி பயம் வேண்டும். 2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 நிறுவும் வேலை ஒன்று எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் தவறுதலாகப் போய்விட்டது. டிஸ்க்கை அழித்துப் பிரிப்பதுதான் அதன் முதல் படி. நிறுத்தப் போனபோது கட்டளை அனுப்பிய சர்வரே அழிந்திருந்தது. 2024 ஆகஸ்டில் சிங்கப்பூரில் நடந்தது தவறுகூட அல்ல, அத்துமீறல். பள்ளிச் சாதனங்களை நிர்வகித்த மொபைல் கார்டியனுக்குள் யாரோ நுழைந்ததில், 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. எமரியில் எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்ற தேர்வு பிசகியது. சிங்கப்பூரில் சாவி கைமாறியது. அதனால் எங்களிடம் அழிக்கும் கட்டளை எதற்கும் இரண்டாவது ஆள் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஆள் குழுவின் பெயரைப் பார்த்தால் போதாது, எத்தனை சாதனம் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ‘எல்லாச் சாதனங்களும்’ என்ற குழுவுக்கு அழிக்கும் கட்டளை போகவே கூடாது. சாதாரண ரீஸ்டார்ட்கூட முதலில் எங்கள் ஐடி மேசைகளுக்கு, மறுநாள் ஒரு துறைக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு எதுவும் கிடையாது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே நாளில் ஊமையாகிவிடும் இடம் ஒன்று உண்டு: ஐபோன்களைத் தட்டி எழுப்பத் தேவையான ஆப்பிளின் புஷ் சான்றிதழ். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கிலிருந்து. வேறு கணக்கில் புதிதாக எடுத்தால் ஒவ்வொரு ஐபோனையும் மேக்கையும் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். பல இடங்களில் அந்தக் கணக்கு எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் மெயில் முகவரியில் இருக்கும். உங்கள் சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள்.