அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை விட்டு விட்டு வருதா? வரிசையா இதைச் செய்து பாருங்க!

வருமானச் சான்றிதழுக்குக் கைபேசியிலேயே விண்ணப்பிக்கிறீர்கள். ஆவணங்களை ஏற்றியாச்சு, கட்டணம் கட்டும் பக்கமும் வந்தாச்சு. அந்த நேரம் பார்த்து வைஃபை துண்டித்துவிடுகிறது. நேற்று வரை நன்றாக ஓடிய இணையம், சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகு இப்படி ஆகிவிட்டதா? பதற வேண்டாம். பெரும்பாலும் கடைக்குப் போகாமலே இதைச் சரிசெய்யலாம்.

கோளாறு எங்கே?

முதலில் வீட்டில் உள்ள வேறொரு கைபேசியை அதே வைஃபையில் இணைத்துப் பாருங்க. அதிலும் விட்டு விட்டு வந்தால், கோளாறு ரவுட்டரிலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது. ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்க. அப்படியும் சரியாகவில்லை என்றால் இணைய நிறுவனத்தில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற கைபேசியில் நன்றாக வந்து, உங்களுடையதில் மட்டும் தகராறு என்றால் கீழே உள்ளபடி வரிசையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்க.

1. கைபேசியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் இன்னொரு சிறிய அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்க. பெரிய அப்டேட்டில் வந்த கோளாறுகளைத் திருத்த நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சிறிய அப்டேட் விடுவது வழக்கம்.

2. தேதியும் நேரமும் 'ஆட்டோமேட்டிக்' ஆக இருக்கட்டும். தேதி தவறாக இருந்தால் வைஃபை குறி முழுசாகத் தெரிந்தாலும், வங்கி மற்றும் அரசு இணையதளங்கள் பாதுகாப்புக் காரணத்தால் திறக்காமல் போகும்.

3. பேட்டரி சேவர், விபிஎன் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்றும் பாருங்க.

4. வைஃபை பட்டியலில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். பாஸ்வேர்டு என்னவென்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. உங்கள் ரவுட்டரில் இரண்டு பெயர்கள் தெரிகிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, தூரம் அதிகம். ரவுட்டர் ஓர் அறையிலும் நீங்கள் வேறு அறையிலும் இருந்தால் 2.4-இல் இணைத்துப் பாருங்க.

6. விடுதி, அலுவலகம் போன்ற சில இடங்களில் பதிவு செய்த கைபேசிகளை மட்டுமே வைஃபையில் அனுமதிப்பார்கள். ஒவ்வொரு கைபேசிக்கும் உள்ள 'மேக்' முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் இந்த அனுமதி. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல், உங்கள் தனியுரிமைக்காகக் கைபேசி இந்த எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகிறது. அதனால் பழைய கைபேசியே ரவுட்டருக்குப் புது ஆளாகத் தெரியும். அந்த வைஃபைக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள். ஐபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணையுங்கள்.

7. எதுவும் பலிக்கவில்லை என்றால் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்'. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ரீசெட் என்ற வழியிலும், ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'ரீசெட்' என்று தேடியும் இதை எடுக்கலாம். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியும்; படங்கள், தொடர்பு எண்கள் அழியாது. இ-சிம் வைத்திருப்பவர்கள் 'இ-சிம்மை அழி' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' வேறு. அவசரத்தில் அதைத் தொட வேண்டாம்.

பணம் கட்டும்போது துண்டித்தால்?

உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கையும் விண்ணப்பத்தின் நிலையையும் பாருங்க. யுபிஐ மூலம் கட்டிய பணம் உங்கள் கணக்கில் பிடிக்கப்பட்டு, கட்ட வேண்டிய இடத்தில் உறுதியாகவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைசித் தேதி நெருங்கிவிட்டதா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் விண்ணப்பத்தை முடித்துவிடுங்க. ரிப்பேர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு வைஃபை தேவையில்லை, சிம் சிக்னல் போதும்.

ஒரு எச்சரிக்கை

"வைஃபையைச் சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியைப் போடுங்க" என்று யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி செய்யும் செயலி வழியாக ஓடிபியும் வங்கி விவரமும் அவர்கள் கைக்குப் போய்விடும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.