அமெரிக்க வீட்டில் தஞ்சாவூர் ஓவியமும் ஊஞ்சலும்

சுவரெல்லாம் சாம்பல் நிறம் பூசும் மோகம் வந்த வேகத்தில் ஓய்ந்துவருகிறது. ஊரிலிருந்து சுமந்து வந்த மரமும் பித்தளையும் அதைவிடக் காலம் தாங்கும், பத்திரமாக வைத்தால்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குத்தான் கவனம் அதிகம் தேவை. பலகையில் ஒட்டிய துணி, அதன்மேல் சுக்கான் மாவுப் பூச்சு, கற்கள், தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காகச் செய்தது அது. நியூஜெர்சி குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட வீட்டுக்குள் காற்று காய்ந்து, பலகை சுருங்கி, பூச்சில் கீறல் விழலாம். சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேர்மேலே மாட்டாதீர்கள். ஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள். டெக்ஸாஸ்காரர்களுக்கு எதிரி மேற்கு ஜன்னல் வெயில்.

டிரைவால் சுவரில் வெறும் ஆணி கனமான படத்தைத் தாங்காது. உள்ளே பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டத்தை ஸ்டட் ஃபைண்டரால் தேடி, அதில் திருகாணி போடுங்கள்.

ஊஞ்சலா? வாடகை வீட்டில் கூரையைத் தொடவே வேண்டாம். தனிச் சட்டத்தில் தொங்குவதை வாங்கினால் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பே ஏரியாவில் கட்டுமானத் தொழிலதிபர் ஜோசப் ஐக்லர் 1950, 60களில் கட்டிய வீடு அமைந்தால் யோகம்தான். மரப்பலகைச் சுவர், பெரிய கண்ணாடி. ஒரே ஒரு குத்துவிளக்கு வைத்தாலே எடுப்பாக இருக்கும். தரையில் மட்டும் துளை போட்டுவிடாதீர்கள், அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடும்.