மூடி சரியாக அமர்ந்ததா?

ஆடி, தை அமாவாசைகளில் ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் வரும்போது சோடா, கலர் விற்பனை கூடும். அந்நேரம் காஸ் இறங்கிய பாட்டில் திரும்பி வந்தால் நட்டம் நமக்கே. கைப்பிரஸ்ஸில் கிரவுன் மூடி போடும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை இதோ.

கிரவுன் மூடிக்கு 21 பற்கள். அவை பாட்டில் வாயின் விளிம்பைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தால்தான் காஸ் நிற்கும். மூடி போட்டபின் பற்களின் வெளிக் குறுக்களவை வெர்னியர் காலிப்பரால் பாருங்கள், 28.6 முதல் 28.8 மி.மீ. வரை இருப்பது நல்லது.

1. அளவு கூடினால்: அழுத்தம் போதவில்லை. பிரஸ்ஸின் தலையைக் கால் சுற்று இறக்குங்கள். உயரம் வேறுபட்ட பாட்டில்களைக் கலந்து போடாதீர்கள். இறக்கியும் அளவு குறையாவிட்டால் அழுத்தும் வளையம் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள்.

2. அளவு குறைந்தால்: அழுத்தம் மிகுதி. பாட்டில் வாய் விரிசல் விடும். தலையை உயர்த்துங்கள்.

3. மூடி ஒருபக்கம் தூக்கினால்: பாட்டில் வளையத்துக்கு நேர் நடுவில் நிற்கவில்லை, அல்லது அடித்தட்டு சாய்ந்துள்ளது.

4. அளவு சரியாயிருந்தும் காஸ் இறங்கினால்: பாட்டிலைத் தண்ணீரில் முழுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மூடியின் உள்பூச்சோ பாட்டிலின் விளிம்போ பழுது.

விளிம்பு உடைந்த பாட்டிலை விலை பாராமல் ஒதுக்குங்கள். காஸ் ஏற்றிய பாட்டில் பிரஸ்ஸிலேயே வெடிக்கக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் வேலையாளை நிறுத்தாதீர்கள். தினமும் முதல் மூன்று பாட்டில்களை அளந்த பிறகே வேலையைத் தொடருங்கள்.