வியர்வையும் வெப்பமும்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், கத்தார் நாட்டின் தோஹா நகரில் உலகத் திடல்தடப் போட்டி தொடங்கியது. பகல் வெயிலுக்கு அஞ்சிய ஏற்பாட்டாளர்கள் பெண்களுக்கான மாரத்தான் ஓட்டத்தை நள்ளிரவில் வைத்தனர். வெயிலே இல்லை. ஆயினும், புறப்பட்ட 68 பேரில் 28 பேரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. அப்போதைய வெப்பநிலை 32 பாகை செல்சியசுக்குச் சற்று அதிகம். காற்றின் ஈரப்பதமோ 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

இந்த அளவுகள் மலேசிய மாணவர்களுக்குப் புதியவை அல்ல. மாலையில் பள்ளித் திடலில் காற்பந்து ஆடுவோர் பல நாள்களில் இதையொத்த காற்றில்தான் ஓடுகின்றனர்.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. அதைத் தணிக்கவே உடல் வியர்க்கிறது. ஆனால், வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. சட்டையை நனைத்துவிட்டுத் தரையில் சொட்டும். உடல் நீரை இழக்கிறது, குளிர்ச்சியோ கிடைப்பதில்லை. ‘இன்று மேகமூட்டம்தானே’ என்று விளையாட்டாளர்கள் ஏமாறுவது இதனால்தான். தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 பாகைக்கு மேல் சென்றால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கும். அந்த அளவை எட்டாத நாளிலும் புழுக்கம் ஒருவரைச் சாய்த்துவிடலாம்.

எவ்வளவு நீர் குடிக்க வேண்டும்? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி. ஒரு கிலோ குறைந்திருந்தால், ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது என்று பொருள். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது இரண்டு விழுக்காடு. அந்த அளவிலேயே ஓட்டம் தளரத் தொடங்கும். மாறாக, எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார். அளவுமீறிய நீர் இரத்தத்திலுள்ள சோடியத்தின் செறிவைக் குறைத்துவிடும். அதுவும் உயிருக்கு ஆபத்தானதே.

இளநீர் நல்லதுதான். ஆனால், அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் வெளியேறுவது சோடியம். எனவே, நெடுநேரம் ஆடியவர் இளநீரோடு உப்பு பிஸ்கட் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டத்திற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன்பு சோறு, இட்லி, ரொட்டி போன்ற உணவு ஏற்றது. நாசி லெமாக்கைப் போட்டி முடிந்தபின் சுவைக்கலாம். அதிலுள்ள தேங்காய்ப்பாலும் பொரித்த நெத்திலியும் செரிக்க நேரமாகும்.

உடல் வெப்பத்திற்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் தேவை. நீண்ட விடுமுறை முழுவதும் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கடும் பயிற்சியில் இறங்குவோருக்கு ஆபத்து அதிகம். காய்ச்சலிலிருந்து மீண்டவர்களும் அப்படியே.

வெப்பத் தாக்கத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் நடத்தையில் தெரியும். விளையாட்டாளர் தடுமாறுவார், கேட்ட கேள்விக்குப் பொருந்தாமல் பதில் சொல்வார், காரணமின்றிச் சினம் கொள்வார். அப்போதும் அவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கலாம். ‘வியர்க்கிறதே, பயமில்லை’ என்று விட்டுவிடுவது பெரும் பிழை. உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்துவிட்டால், குளிர்விக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் உறுப்புகளுக்கும் கேடு.

ஒருவர் 999 எண்ணை அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, காலணியையும் கனத்த உடையையும் களைய வேண்டும். பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால், தலை மூழ்காதவாறு தாங்கிப் பிடித்து அவரைக் கழுத்துவரை அமிழ்த்தலாம். தொட்டி இல்லையேல், உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது.