ஐந்நூறு பூட்டும் ஒரு சாவியும்

(புற்றுநோய்க்கும் பூஞ்சை நோய்க்கும் மருந்து தேடும் கைனேஸ் ஆராய்ச்சி பற்றி ஓர் எளிய பாடம்)

ரத்தப் புற்றுநோய் என்று கேட்டவுடனேயே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் அந்நோயின் ஒரு வகைக்கு, தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகளாக அலுவலகம் போய் வருகிறவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது, அதே வழியில் பூஞ்சை நோய்க்கும் மருந்து கிடைக்குமா என்பதே இப்பாடம். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதில் உள்ள தத்துவம் சிக்னல் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு நன்கு பழக்கமானது என்பதால் எழுதத் துணிந்தேன்.

கைனேஸ் என்பது என்ன?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் வேலைகளைச் செய்பவை புரதங்கள். அவற்றுள் ரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதங்களை நொதிகள் என்கிறோம். பள்ளியில் நம் பிள்ளைகள் என்சைம் என்று படிப்பது இதைத்தான். கைனேஸ் என்பது நொதிகளில் ஒரு குடும்பம்.

செல்லின் எரிபொருள் ஏடிபி என்ற பொருள். அதில் மூன்று பாஸ்பேட் துண்டுகள் வரிசையாக இருக்கும். கைனேஸ், கடைசித் துண்டைக் கழற்றி வேறொரு புரதத்தின் மேல் ஒட்டிவிடும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் உருவம் சற்றே மாறும். அது வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவதற்கு வேறு நொதிகள் உண்டு. சிக்னல் கை இறங்குவதும் ஏறுவதும் போல இது நாள் முழுவதும் நடக்கிறது. செல் எப்போது வளர வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதெல்லாம் இப்படித்தான் தீர்மானமாகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவரும் 1950களில் இதைக் கண்டறிந்தனர். 1992ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து 2002ல் வெளியான கணக்கின்படி, நம்மிடம் உள்ள கைனேஸ்கள் 518.

பச்சையிலேயே நின்றுவிட்ட சிக்னல்

1960ல் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும், நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி அதற்குக் காரணம் சொன்னார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன. வெட்டி ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து, பிசிஆர்-ஏபிஎல் என்ற புதுக் கைனேஸ் உண்டாகிறது. அதற்கு ஓய்வே கிடையாது. வெள்ளணுக்களைப் பெருகு, பெருகு என்று விடாமல் ஏவிக்கொண்டே இருக்கும்.

ரயில்வேயில் சிக்னல் பழுதானால் அது தானாக அபாய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. இங்கே பழுது நேர்மாறாக, வண்டி போகலாம் என்ற நிலையிலேயே சிக்னலை மாட்டிவைத்துவிடுகிறது. ஆகவே அந்த ஒரு கைனேஸை நிறுத்தினால் நோயும் அடங்க வேண்டும்.

தேர்ந்தெடுத்துத் தடுப்பதே கடினம்

நிறுத்துவது பெரிய வேலையில்லை. ஏடிபி வந்து உட்காரும் குழியில் வேறொரு பொருளை அடைத்துவிட்டால் போதும். சிக்கல் எங்கே என்றால், ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்களும் அதே ஏடிபியைத்தான் பயன்படுத்துகின்றன. டீசல் எஞ்சின்களின் எண்ணெய் வாய் எல்லாம் ஒரே அளவாக இருப்பது போல, இந்தக் குழிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை அடைக்கும் மூடி மற்றவற்றையும் அடைக்கும்.

1977ல் ஜப்பானில் சதோஷி ஓமுராவின் குழுவினர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்டாரோஸ்போரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது ஏராளமான கைனேஸ்களை ஒருங்கே அடைத்துவிடுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆராய்ச்சிக் கூடத்துக்கு அது நல்ல கருவி. நோயாளிக்கு அப்படியே கொடுத்தால் நல்ல செல்களும் நின்றுபோகும்.

ஒற்றைப் பாதையில் பயன்பட்டு வந்த நீல்ஸ் பந்து டோக்கன் கருவியைப் பழைய ரயில்வே ஊழியர்கள் அறிவார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அடுத்தடுத்த இரு பிரிவுகளின் பந்துகள் தூரப் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் வெட்டு மாறியிருக்கும். ஒரு பிரிவின் பந்து அடுத்த பிரிவின் கருவிக்குள் நுழையாது. மருந்து தேடுகிறவர்களுக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஒரு வெட்டுத்தான்.

ஸ்விட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன் முதலியோர் அதைத் தேடினார்கள். அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அப்படிப் பிறந்ததுதான் இமாடினிப். கைனேஸ்கள் வேலை செய்யும்போது ஒன்றுபோல் தோன்றினாலும், வேலை செய்யாமல் இருக்கும்போது அவற்றின் மடிப்புகள் மாறுபடுகின்றன. இமாடினிப் அந்த ஓய்வு நிலை மடிப்பில் போய்ப் பொருந்தி, கைனேஸை விழிக்கவிடாமல் பூட்டிவிடுகிறது. 1998ல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கி, 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அம்மருந்தை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பின்பு நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தனர்.

இந்தச் சாவியும் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் உரியதன்று. கிட் என்ற கைனேஸ் உள்ளிட்ட வேறு சிலவற்றையும் அது தடுக்கிறது. இரைப்பை, குடலில் தோன்றும் ஒரு வகைக் கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கிட் என்பதால், 2002ல் அந்நோய்க்கும் இமாடினிப் மருந்தாயிற்று.

நோயும் சும்மா இருப்பதில்லை. சிலரிடம் அந்தக் கைனேஸின் 315ஆம் இடத்தில் உள்ள ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிடும். பூட்டின் வாயில் ஒரு முளை வந்தது போல. அதன் பிறகு இமாடினிப் உள்ளே போகாது. இதற்காக 2012ல் பொனாடினிப் வந்தது. 2021ல் வந்த அசிமினிப், ஏடிபி குழியை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் போய் ஒட்டுகிறது.

பூஞ்சையின் பக்கம்

பாக்டீரியா நமக்குத் தூரத்து உயிர். அதற்கும் நமக்கும் வேற்றுமைகள் மிகுதி. ஆகவே மருந்தும் பல. பூஞ்சையோ நமக்கு நெருங்கிய உறவு. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில் உள்ள கைனேஸ்கள் பலவற்றுக்கு நம் உடலில் இணை உண்டு. அதனால்தான் உடம்புக்குள் பரவும் பூஞ்சைக்கு மருந்துகள் குறைவு. 2021ல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது நம் நாட்டில் 45,000க்கு மேற்பட்டவர்களைக் கருப்புப் பூஞ்சை பிடித்தது. ஆம்போடெரிசின் ஊசிக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்ததை மறக்க முடியாது.

கைனேஸ் வழியாகப் பூஞ்சையை அடக்கலாமா? இதற்கு ஒரு பழைய கதை பாடம் சொல்கிறது. 1964ல் கனடாவிலிருந்து சென்ற குழுவினர் பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் மண்ணைக் கொண்டுவந்தனர். அதில் இருந்த நுண்ணுயிர் தந்த பொருள் ராபமைசின். மாண்ட்ரியல் நகரில் அதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்த சுரேந்திரநாத் சேகல். பூஞ்சைக்கு எதிராக அது நன்றாக வேலை செய்தது. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அது குறைத்தது. உள்ளே பூஞ்சை பரவுவது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத்தானே! அவர்களுக்கு இதை எப்படிக் கொடுப்பது?

1991ல் ஈஸ்ட்டை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், ராபமைசின் தடுக்கும் இலக்கு டார் என்று பெயரிடப்பட்டது. அது ஒரு கைனேஸ் என்பது பின்னர் உறுதியாயிற்று. நம் செல்களிலும் அதே டார் இருக்கிறது. ஆக, பூஞ்சை மருந்தாகத் தோற்ற பொருள், 1999ல் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் காக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. அதிலிருந்து உருவாக்கிய டெம்சிரோலிமஸ் 2007ல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று.

இன்று ஆராய்ச்சியாளர்கள் பூஞ்சைக்கே உரிய வெட்டைத் தேடுகிறார்கள். கேண்டிடா என்னும் பூஞ்சையின் ஒய்சிகே2 என்ற கைனேஸ் ஓர் இலக்கு. ஹிஸ்டிடின் கைனேஸ் என்ற மற்றொரு வகை பூஞ்சைகளில் உண்டு. அந்த வகை அமைப்பு மனிதரிடம் கிடையாது. ஆயினும் பூஞ்சையின் கைனேஸைக் குறிவைத்து நோயாளிகளுக்கு வழங்க அனுமதி பெற்ற மருந்து இதுவரை வரவில்லை. புற்றுநோயில் கிடைத்த வெற்றி இங்கே இன்னும் பாக்கி இருக்கிறது.

விலையும் ஒரு பூட்டுத்தான்

மருந்து இருந்தால் போதுமா, வாங்க முடிய வேண்டாமா? இமாடினிப்பின் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்துத் தீர்ப்பளித்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், சிகிச்சைப் பலனைக் கூட்டினால்தான் காப்புரிமை என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. மாதத்துக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் என்று பேசப்பட்ட மருந்தை, இந்திய நிறுவனங்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்குள் தயாரித்து வந்தன. அது தொடர்வதற்குத் தீர்ப்பு வழி செய்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. உடம்பு சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தலாமா என்பதை ரத்தப் பரிசோதனையை வைத்து மருத்துவரே முடிவு செய்வார்.

2. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், திரும்பி வரும் நாளையும் தாண்டி ஒரு வாரத்துக்கான மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதமாகலாம், சிறிய ஊர்க் கடையில் இது கிடைக்காமல் போகலாம்.

3. மாற்றல் வந்து ஊர் மாறினால் பழைய பரிசோதனைத் தாள்கள் அனைத்தையும் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். நோய் அடங்குகிறதா என்பது முந்தைய அளவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

4. படர்தாமரை போன்ற தொல்லைக்கு இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். கல்லீரலில் இமாடினிப் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதியை அவை தடுக்கின்றன. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பூஞ்சை மருந்தும் புற்றுநோய் மருந்தும் இப்படி ஒரே உடம்பில் மோதிக்கொள்ளும் என்பதைப் பலர் அறியார்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

அ. எல்லாக் கைனேஸ்களின் குழியும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் என்ன?

ஆ. பாக்டீரியாவைவிடப் பூஞ்சைக்கு மருந்து காண்பது ஏன் கடினம்?

இ. பூஞ்சை மருந்தாகத் தோற்ற ராபமைசின், வேறு இரண்டு நோயாளிகளுக்கு எப்படிப் பயன்பட்டது?

விடைகளைப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதிப் பார்க்கட்டும். என்சைம் என்று படித்ததை நொதி என்று எழுதிப் பழகினால் விஷயமும் மனத்தில் நிற்கும், தாய்மொழியும் கைவிட்டுப் போகாது.