சரிவும் உராய்வும்

சாய்தளம் என்றதும் ஒரு முக்கோணம் வரைந்து, அதன்மேல் ஒரு கட்டையை வைத்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்தக் கட்டை ஒரு டன் எடையுள்ள தேக்குத் தடியாகவும், சரிவின் கீழே ஒரு மனிதர் நிற்பதாகவும் இருந்தால், விடை தவறுவது மதிப்பெண்ணோடு நிற்குமா?

கோவை மாவட்டத்து ஆனைமலையில் டாப்சிலிப் என்னும் இடத்தை அறிவோம். 19-ஆம் நூற்றாண்டில் மலைமேல் வெட்டிய தேக்குத் தடிகளை அங்கிருந்து அடிவாரத்துக்குச் சரித்து விட்டனர். பெயர் வந்த காரணமும் அதுவே. காட்டுக்குள் தடி இழுத்தவை யானைகள். இன்று அவ்வேலை இல்லை. கோழிகமுத்தி முகாம் யானைகள் கும்கிகளாகப் பணியாற்றுகின்றன. ஆயினும் அத்தொழிலின் பாடம் பழையதாகிவிடவில்லை.

தடிக்கும் காய்ந்த மண்ணுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 எனக் கொள்வோம். சமதரையில் 1,000 கிலோ தடியை நகர்த்த 500 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 20 பாகைச் சரிவில் கீழ்நோக்கி இழுக்க ஏறத்தாழ 128 கிலோ போதும். இழுப்பதை நிறுத்தினால் தடியும் நின்றுவிடும். மழை பெய்து குணகம் 0.3 ஆகக் குறைந்தால் என்னாகும்? அதே சரிவில், அதே தடியை, 60 கிலோ விசை தானாகவே கீழே தள்ளும். இழுக்க வேண்டிய பொருள் இப்போது தடுக்க வேண்டிய பொருளாகிவிட்டது! சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு குணகத்தை மிஞ்சும் இடமே ஆபத்தின் எல்லை.

இதிலிருந்து விதிகள் தாமே பிறக்கின்றன. ஈர மண்ணில் வேலையை நிறுத்த வேண்டும். தடியின் முன்முனையைச் சற்றுத் தூக்கிக் கட்ட வேண்டும். இல்லையேல் அது மண்ணை உழும். செங்குத்தான இறக்கத்தில் தடி இழுப்பவரையே முந்திக்கொண்டு பாயும். எனவே சாய்வு குறைந்த வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தடிக்குக் கீழ்ப்புறத்திலும், இழுபடும் சங்கிலியின் வளைவுக்குள்ளும் எவரும் நிற்கலாகாது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் நாள்தோறும் போய்வரும் நமக்குக் காடு எதற்கு என நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை அங்கே லாரியிலிருந்து இயந்திரம் இறக்கும் கூலித் தொழிலாளி. சாய்வுப் பலகை, அடியில் உருட்டுக் குழாய், இழுக்கக் கயிறு: இவையே அவர்களுடைய கருவிகள். குழாய் வைத்தால் உராய்வு வெகுவாகக் குறைகிறது, வேலை எளிதாகிறது, அதனாலேயே சறுக்கும் அபாயமும் கூடுகிறது. பலகையில் எண்ணெய் சிந்தினாலோ, தூறல் விழுந்தாலோ, ஆனைமலைக் கணக்கேதான். "மழை விட்டதும் இறக்கலாம்" என்று மேஸ்திரி சொன்னால் அவரைச் சோம்பேறி என்பார் உண்டு. அவர் டேன்ஜென்ட் படித்ததில்லை. ஆனால் அதன் பொருளை அறிந்தவர்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இச்சூத்திரத்தை ஏட்டிலேயே விட்டுவிட எனக்கு மனமில்லை. பலகையின் நீளத்தையும் லாரித் தட்டின் உயரத்தையும் அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். உயரம் மாறாதிருக்க, பலகை நீண்டால் சாய்வு குறையும். அவ்வளவே கணக்கு. அதைச் செய்ய ஆகும் ஐந்து நிமிடம் ஓர் உயிரைவிடப் பெரிதன்று.